ஏமாந்தவரும் ஏமாற்றியவரும்: இணையக் குற்றத்திற்கு எதிரான உலக முயற்சியில் மொழியின் பங்கு



இந்தச் சொற்பொழிவுத் தொடரில் இலக்கணமும் இலக்கியமும் பேசப்படுவதே வழக்கம். இணையக் குற்றம் என்னும் பொருளை நாம் முன்மொழிந்தபோது அமைப்பாளர்கள் சற்றே தயங்கினார்கள். "இது காவல்துறையினர் பேச வேண்டிய பொருளாயிற்றே" என்றார்கள். அத்தயக்கம் நியாயமானதே. கணினி வலையமைப்புகளைக் காக்கும் நுட்பம் நாம் அறியாதது. சட்டமும் நமது துறையன்று. ஆயினும் ஓர் உண்மை நம்மை இம்மேடைக்கு அழைத்து வந்தது. சிங்கப்பூரில் 2024ஆம் ஆண்டில் பதிவான மோசடிச் சம்பவங்கள் 51,501. மக்கள் இழந்த தொகை குறைந்தது 1.1 பில்லியன் வெள்ளி. அச்சம்பவங்களில் பத்தில் எட்டுக்கும் மேற்பட்டவற்றில், பணத்தை அனுப்பியவை பாதிக்கப்பட்டோரின் கைகளே. திருடன் பூட்டை உடைக்கவில்லை. வீட்டுக்காரரையே பேசிப் பேசித் திறக்க வைத்தான். பேச்சே கருவியாகிவிட்ட ஒரு குற்றத்தைப் பற்றிச் சில சொல்ல மொழியியல் பயின்றோர்க்கும் உரிமை உண்டு என்று கருதுகிறோம்.

இக்குற்றத்தை எதிர்க்க உலக நாடுகள் இருபத்தைந்து ஆண்டுகளாகச் செய்துவரும் முயற்சிகளை முதலில் சுருக்கமாகக் காண்போம். அம்முயற்சிகள் எந்த இடத்தில் வந்து தடுமாறுகின்றன என்பதையும், அந்த இடத்தில் தமிழாசிரியர்க்கு என்ன வேலை இருக்கிறது என்பதையும் அதன்பின் ஆராய்வோம்.

1. ஒரு காதல் கடிதம்

2000ஆம் ஆண்டு மே மாதம் 4ஆம் நாள், உலகெங்கும் அலுவலகக் கணினிகளுக்கு ஒரு மின்னஞ்சல் வந்து சேர்ந்தது. அதன் தலைப்பு "ஐ லவ் யூ". உள்ளே காதல் கடிதம் ஒன்று இணைக்கப்பட்டிருப்பதாகக் குறிப்பு இருந்தது. இணைப்பைத் திறந்தவரின் கணினியில் கோப்புகள் அழிந்தன. அவரது முகவரிப் பட்டியலில் இருந்த அனைவருக்கும் அதே கடிதம் அவர் பெயரிலேயே பறந்தது. தெரிந்தவரிடமிருந்து வந்த கடிதம் என்பதால் அவர்களும் திறந்தார்கள். சில நாள்களில் பல மில்லியன் கணினிகள் பாதிப்புற்றன. பிரிட்டனின் நாடாளுமன்ற மக்களவை தனது மின்னஞ்சல் சேவையையே நிறுத்திவைக்க நேர்ந்தது.

புலனாய்வு மணிலா நகரைச் சென்றடைந்தது. ஐயத்திற்குரிய இளைஞரும் கண்டறியப்பட்டார். ஆனால் எந்தச் சட்டத்தின்கீழ் அவர்மீது வழக்குத் தொடுப்பது? தீங்குநிரல் எழுதிப் பரப்புவதைக் குற்றம் என்று கூறும் சட்டம் அன்று பிலிப்பீன்ஸில் இல்லை. அந்நாடு விரைந்து ஒரு மின்வணிகச் சட்டத்தை இயற்றியது. அதே ஆண்டு ஜூன் 14ஆம் நாள் அதிபர் அதில் கையெழுத்திட்டார். ஆயினும் பின்னர்ப் பிறந்த சட்டம் முன்னர் நடந்த செயலைத் தீண்டாது. ஆகஸ்ட் மாதம் குற்றச்சாட்டுகள் கைவிடப்பட்டன.

வேறு நாடுகள் இத்துறையில் முன்னரே விழித்திருந்தன. சிங்கப்பூர் 1993ஆம் ஆண்டிலும் மலேசியா 1997ஆம் ஆண்டிலும் கணினிக் குற்றங்களுக்கெனத் தனிச் சட்டம் இயற்றிவிட்டன. ஆனால் ஒரு நாட்டில் இருக்கும் ஒருவரை மற்றொரு நாடு கேட்டுப் பெற வேண்டுமானால், அவரது செயல் பொதுவாக இரு நாட்டுச் சட்டங்களிலும் குற்றமாக இருக்க வேண்டும். சட்ட அறிஞர் இதனை இருநாட்டுக் குற்றத்தன்மை என்பர். ஒரு நாட்டின் சட்டத்தில் பெயர் பெற்ற குற்றத்திற்கு இன்னொரு நாட்டின் சட்டத்தில் பெயரே இல்லையென்றால், குற்றவாளி அந்தச் சொல்லில்லா இடைவெளியில் தங்கிவிடுகிறான். மணிலாவில் நடந்தது அதுவே.

2. பெயரிடுவதில் எழுந்த வழக்கு

அந்த இடைவெளியை அடைக்கும் வேலை அப்போது ஐரோப்பாவில் தொடங்கியிருந்தது. ஐரோப்பிய மன்றம் வகுத்த உடன்படிக்கை 2001ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் கையெழுத்துக்குத் திறந்துவைக்கப்பட்டது. 2004ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அமெரிக்கா, கனடா, ஜப்பான், தென்னாப்பிரிக்கா ஆகியவையும் முதல் நாளிலேயே கையெழுத்திட்டன. பிலிப்பீன்ஸ் 2018ஆம் ஆண்டில் இணைந்தது. தமிழை ஆட்சிமொழியாகக் கொண்ட இலங்கை 2015ஆம் ஆண்டிலேயே இணைந்துவிட்டது. இந்தியா இணையவில்லை; தான் பங்கேற்காமல் வரையப்பட்டது என்பது அதன் மறுப்புக்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. ஐரோப்பிய மன்றத்தில் அன்று உறுப்பினராக இருந்த ரஷ்யாவும் ஒதுங்கி நின்றது.

பின்னர் ரஷ்யா முன்மொழிந்த தீர்மானத்தை ஏற்று, 2019ஆம் ஆண்டு டிசம்பரில் ஐக்கிய நாடுகளின் பொதுச்சபை உலகளாவிய உடன்படிக்கை ஒன்றை வரையக் குழு அமைத்தது. வாக்கெடுப்பில் 79 நாடுகள் ஆதரித்தன. 60 நாடுகள் எதிர்த்தன. 33 நாடுகள் வாக்களிக்காமல் விலகி நின்றன. கடும் வாதங்களுக்குப் பின் 2024ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆம் நாள் உடன்படிக்கை வாக்கெடுப்பின்றி ஏற்கப்பட்டது. 2025ஆம் ஆண்டு அக்டோபரில் வியட்நாமின் ஹனோய் நகரில் அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகள் அதில் கையெழுத்திட்டன. அது நடைமுறைக்கு வர 40 நாடுகளின் முறையான ஏற்பு தேவை.

இந்த வரலாற்றில் மொழியியலார் நின்று நோக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. அது உடன்படிக்கையின் பெயர். ஒரு சாரார் 'சைபர் குற்றம்' என்ற சொல்லை விரும்பினர். மற்றொரு சாரார் 'குற்ற நோக்கங்களுக்குத் தகவல் தொடர்புத் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்துதல்' என்னும் நீண்ட தொடரை வலியுறுத்தினர். முன்னது கணினி அமைப்பையே தாக்கும் செயல்களை மையமாகக் கொண்டது. பின்னது கணினியோ கைப்பேசியோ எங்கெல்லாம் கருவியாகிறதோ அங்கெல்லாம் விரியக்கூடியது. அரசைக் குறைகூறி எழுதுவதுகூட அதற்குள் அடங்கிவிடுமோ என்னும் அச்சத்தை அது எழுப்பியது. இறுதியில் இரு தொடர்களும் தலைப்பில் இடம்பெற்றன. 'சைபர் குற்றத்திற்கு எதிரான உடன்படிக்கை' என்று தொடங்கி, ஓர் அரைப்புள்ளி இட்டு, தகவல் தொடர்புத் தொழில்நுட்ப அமைப்புகளின் வழியே செய்யப்படும் குறிப்பிட்ட சில குற்றங்கள் என்று அது நீள்கிறது. இத்தனை ஆண்டு வழக்கின் தடம் அந்த அரைப்புள்ளியில் இருக்கிறது.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. புடாபெஸ்ட் உடன்படிக்கையிலும் ஐ.நா. உடன்படிக்கையிலும் 'சைபர் குற்றம்' என்ற சொல்லுக்கு வரையறை இல்லை. மாறாக, செயல்கள் ஒவ்வொன்றாகப் பெயரிடப்பட்டுள்ளன. கணினி அமைப்பினுள் உரிமையின்றி நுழைதல், தரவை இடைமறித்தல், தரவைச் சிதைத்தல் என்று அப்பட்டியல் செல்கிறது. 'உரிமையின்றி', 'வேண்டுமென்றே' என்னும் இரு சொற்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒரு வங்கியின் கணினியில் ஓட்டை இருக்கிறதா என்று நன்னோக்கத்துடன் சோதித்துப் பார்க்கும் ஆய்வாளர் குற்றவாளியா இல்லையா என்பதை அந்த இரு சொற்களே தீர்மானிக்க வேண்டியுள்ளது. மனித உரிமை அமைப்புகளும் தொழில்நுட்ப நிறுவனங்களும் ஐ.நா. உடன்படிக்கைமீது எழுப்பிய ஐயங்களுள் பல இத்தகைய சொற்களின் எல்லையைப் பற்றியவையே.

3. மணிநேரங்களின் கணக்கு

சட்டம் இருந்தால் மட்டும் போதாது. இணையத்தில் சான்று நெடுநாள் நிலைப்பதில்லை. பணம் அதனினும் விரைவாகக் கைமாறுகிறது. ஆகவே இரு உடன்படிக்கைகளும் நாள்தோறும் 24 மணி நேரமும் விழித்திருக்கும் தொடர்பு மையம் ஒவ்வொரு நாட்டிலும் இருக்க வேண்டும் என்கின்றன. ஒரு நாடு கேட்டவுடன், அழிந்துவிடக்கூடிய தரவை மற்றொரு நாடு உடனே காத்துவைக்க வழி செய்கின்றன.

இப்பணியில் சிங்கப்பூருக்குத் தனியிடம் உண்டு. 196 நாடுகளை உறுப்பினராகக் கொண்ட இன்டர்போல் அமைப்பின் தலைமையகம் பிரான்சின் லியோன் நகரில் உள்ளது. அதன் புத்தாக்க வளாகம் 2015ஆம் ஆண்டில் இங்கே, நேப்பியர் சாலையில், அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்டது. நாடு கடந்து செல்லும் மோசடிப் பணத்தைத் தடுத்து நிறுத்த இன்டர்போல் வகுத்த விரைவுத் திட்டத்திற்கு 'ஐ-கிரிப்' என்று பெயர்.

அத்திட்டம் பயன்பட்ட நிகழ்வு ஒன்றை விரிவாகச் சொல்வது தகும். 2024ஆம் ஆண்டு ஜூலை மாதம், சிங்கப்பூரில் இயங்கும் மூலப்பொருள் வணிக நிறுவனம் ஒன்றுக்கு, அதற்குச் சரக்கு வழங்குபவரிடமிருந்து வந்ததுபோல ஒரு மின்னஞ்சல் வந்தது. செலுத்த வேண்டிய தொகையைத் திமோர் லெஸ்தேயில் உள்ள புதிய வங்கிக் கணக்குக்கு அனுப்புமாறு அது கேட்டது. அனுப்பியவரின் முகவரி உண்மையான முகவரியிலிருந்து எழுத்துக்கூட்டலில் மிகச் சிறிதே வேறுபட்டிருந்தது. ஜூலை 19ஆம் நாள் 42.3 மில்லியன் அமெரிக்க டாலர் அனுப்பப்பட்டது. பணம் வரவில்லை என்று உண்மையான வணிகர் கூறியபோதுதான், நான்கு நாள் கழித்து, மோசடி வெளிப்பட்டது. நிறுவனம் உடனே காவல்துறையிடம் சென்றது. சிங்கப்பூர்க் காவல்துறை ஐ-கிரிப் வழியாகத் திமோர் லெஸ்தேயைத் தொடர்புகொண்டது. இரண்டு நாளில் 39 மில்லியன் டாலர் கண்டறியப்பட்டு அக்கணக்கிலேயே தடுத்துவைக்கப்பட்டது. அந்நாட்டில் எழுவர் கைதாயினர்.

எழுத்துக்கூட்டலில் சிறு வேறுபாடு என்றோம். தமிழிலும் இத்தகைய இடர்கள் உண்டு. தமிழ் எண் ஒன்றும் ககரமும் ஓருருவம் போல் தோன்றும். எண் இரண்டும் உகரமும், எண் ஏழும் எகரமும் அவ்வாறே. 'ஔ' என்னும் ஓரெழுத்தையும், ஒகரமும் ளகரமும் அடுத்து நிற்கும் 'ஒள' என்பதையும் கண்ணால் பிரித்தறிவது கடினம். கணினிக்கோ அவை வெவ்வேறானவை. '.சிங்கப்பூர்' என்று தமிழில் முடியும் இணைய முகவரி நமக்கு உண்டு என்பது பெருமை. அப்பெருமையோடு, முகவரியை எழுத்தெழுத்தாகப் படிக்கும் பழக்கமும் வர வேண்டும்.

இந்நிகழ்விலிருந்து நாம் கொள்ள வேண்டிய முதன்மையான செய்தி வேறு. உலக நாடுகளின் கருவி வேலை செய்கிறது. ஆனால் யாராவது ஒருவர் முன்வந்து, நடந்ததைச் சொன்ன பிறகே அது இயங்கத் தொடங்கும். அந்நிறுவனம் தெரிந்த அன்றே சொல்லியது. தனிமனிதர்கள் அவ்வாறு சொல்கிறார்களா?

4. "தமிழ்ல பேசினான்"

நம்மோடு பல்லாண்டு பணியாற்றி ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர் உள்ளார். அவரது இசைவோடு, அவர் பெயரைச் சொல்லாமல், இதனைக் கூறுகிறோம். ஒருநாள் முற்பகலில் அவருக்குத் தொலைபேசி அழைப்பு வந்தது. வங்கியிலிருந்து பேசுவதாகச் சொன்னவன் ஆங்கிலத்தில் தொடங்கி, இவர் பெயரைக் கேட்டதும் தமிழுக்கு மாறினான். இவரது கணக்கு கறுப்புப் பணம் மாற்றப் பயன்பட்டிருப்பதாகச் சொல்லி, அழைப்பை 'அதிகாரி' ஒருவனிடம் மாற்றிவிட்டான். மாலைக்குள் அவரது சேமிப்பில் பெரும்பகுதி 'பாதுகாப்புக் கணக்கு' என்ற ஒன்றுக்குச் சென்றுவிட்டது. அன்றிரவே அவருக்கு ஐயம் வந்தது. மறுநாள் காலை உறுதியாகத் தெரிந்தது. ஆனால் அவர் தம் மகனிடம் சொன்னது பதினொரு நாள் கழித்து. அதற்குள் பணம் எங்கெங்கோ போய்விட்டிருந்தது.

நாம் அவரைப் பார்க்கச் சென்றபோது, ஏன் உடனே சொல்லவில்லை என்று கேட்டோம். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "முப்பது வருஷம் பிள்ளைங்களுக்குப் பாடம் சொன்னவ, இப்படி ஏமாந்துட்டேன்னு யார்கிட்ட சார் சொல்ல?" என்றார். கொஞ்சம் கழித்து, "தமிழ்ல பேசினான் சார், 'அம்மா'ன்னு கூப்பிட்டான்" என்றார்.

அவர் சொன்ன இரண்டு வாக்கியங்களும் நம்மை விட்டு நீங்கவில்லை. முதல் வாக்கியத்தின் இலக்கணத்தைப் பாருங்கள். 'ஏமாந்துவிட்டேன்'. எழுவாய் 'நான்'. வினை தன்வினை. செயப்படுபொருள் இல்லை. அந்த வாக்கியத்தில் குற்றவாளிக்கு இடமே இல்லை! விழுந்தேன், தவறினேன், தடுமாறினேன் என்பனபோல, அது தாமே தமக்குச் செய்துகொண்ட ஒன்றாக ஒலிக்கிறது. ஆனால் தமிழில் ஏமாறு என்பதற்கு இணையான பிறவினை உண்டு. மாறு, மாற்று, ஏமாறு, ஏமாற்று. 'அவன் என்னை ஏமாற்றினான்' என்னும்போது செய்தவன் எழுவாயாக வந்து முன்னே நிற்கிறான். வீட்டில் திருட்டுப் போனால், "நான் திருட்டுக் கொடுத்தேன்" என்று எவரும் தலைகுனிந்து நிற்பதில்லை. "எவனோ திருடிவிட்டான்" என்றே ஓடிச்சென்று முறையிடுகிறோம். மோசடிக்கு மட்டும் நாம் தன்வினையைக் கையில் எடுக்கிறோம். அதன் விலை பதினொரு நாள். ஐ-கிரிப் போன்ற திட்டங்களோ மணிநேரக் கணக்கில் வேலை செய்பவை.

5. இன்டர்போல் மாற்றிய பெயர்

இது தமிழருக்கு மட்டும் உரிய சிக்கலன்று. நட்போ காதலோ காட்டி, வாரக்கணக்கில் பழகி, பின்னர்ப் போலி முதலீட்டில் பணத்தைக் கறக்கும் மோசடி ஒன்று உண்டு. சீன மொழியில் அதற்கு 'ஷா ஜூ பான்' என்று பெயர். பன்றியைக் கொழுக்க வைத்துக் கொல்லுதல் என்பது கருத்து. மோசடிக்காரர்கள் தங்களுக்குள் வழங்கிய பெயர் அது. அதுவே ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டுச் செய்தித்தாள்களிலும் காவல்துறை அறிக்கைகளிலும் நிலைபெற்றது. ஆக, குற்றவாளி தன்னிடம் சிக்கியவருக்கு இட்ட பெயராலேயே உலகமும் அவரை அழைத்தது.

2024ஆம் ஆண்டு டிசம்பரில் இன்டர்போல் அமைப்பு இப்பெயரைக் கைவிடுமாறு வேண்டியது. 'காதல் தூண்டில்' என்று நாம் பெயர்க்கத்தக்க ஒரு தொடரை அதற்கு மாற்றாக முன்வைத்தது. பழைய பெயர் பாதிக்கப்பட்டோரை இழிவுபடுத்துகிறது, அதனால் அவர்கள் முறையிட முன்வராமல் ஒதுங்குகிறார்கள் என்பதே அது கூறிய காரணம். தூண்டில் என்னும்போது அதைப் பிடித்திருக்கும் கை நினைவுக்கு வருகிறது. பன்றி என்னும்போது பன்றி மட்டுமே நினைவில் நிற்கிறது. உலகக் காவல் அமைப்பு ஒன்று சொல்லாட்சியைக் குற்றத்தடுப்பின் ஒரு பகுதியாகக் கருதியது நம் துறைக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

6. ஏமாற்றுவித்தவன்

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழலாம். குற்றவாளியை எழுவாயாக்கினால் போதுமா? தொலைபேசியின் மறுமுனையில் இருப்பவன் யார் என்று நமக்குத் தெரியுமா?

ஐக்கிய நாடுகளின் மனித உரிமை அலுவலகம் 2023ஆம் ஆண்டு ஆகஸ்டில் வெளியிட்ட அறிக்கையின் மதிப்பீட்டின்படி, மியன்மாரில் குறைந்தது 120,000 பேரும் கம்போடியாவில் ஏறத்தாழ 100,000 பேரும் மோசடி வேலைகளில் கட்டாயப்படுத்தி ஈடுபடுத்தப்பட்டிருக்கலாம். நல்ல வேலை என்று நம்பி வந்தவர்கள் அவர்கள். கடப்பிதழ் பறிக்கப்பட்டு, வேலி சூழ்ந்த வளாகங்களில் அடைக்கப்பட்டு, நாள்தோறும் இத்தனை பேரைப் பிடிக்க வேண்டும் என்று அடித்து வேலை வாங்கப்பட்டவர்கள். 2022ஆம் ஆண்டு செப்டம்பரில் இந்திய வெளியுறவு அமைச்சு இதுபற்றி எச்சரிக்கை விடுத்தது. தாய்லாந்தில் மின்னிலக்க விற்பனை, சந்தைப்படுத்தல் அலுவலர் வேலை என்று விளம்பரம் செய்து, இளைஞர்களை எல்லை கடத்தி மியன்மாருக்குக் கொண்டுசெல்வதை அது சுட்டியது. மியாவாடிப் பகுதியில் அவ்வாறு சிக்கியிருந்து மீட்கப்பட்டோருள் தமிழ்நாட்டு இளைஞர்களும் இருந்தனர். மலேசிய இளைஞர்களும் இவ்வலையில் விழுந்துள்ளனர்.

ஆக, நம் ஆசிரியையிடம் 'அம்மா' என்று பேசிய குரல் எவருடையது என்று நாம் அறியோம். கொழுத்த ஆதாயத்துக்குப் பேசியவனாகவும் இருக்கலாம். முதுகில் தடியின் வலியோடு பேசியவனாகவும் இருக்கலாம். இங்கும் தமிழ் இலக்கணம் நமக்கு ஒரு படி தருகிறது. செய், செய்வி என்பதுபோல, ஏமாற்று என்பதன் மேல் ஏமாற்றுவி என்றொரு வினை அமையும். ஏமாறியவர் ஒருவர், ஏமாற்றியவர் ஒருவர், ஏமாற்றுவித்தவன் ஒருவன். உலகச் சட்டம் தேடிப்பிடிக்க வேண்டியவன் மூன்றாமவன். 2000ஆம் ஆண்டின் ஐ.நா. ஆள்கடத்தல் தடுப்பு நெறிமுறையும் புதிய இணையக் குற்ற உடன்படிக்கையும் சந்திக்க வேண்டிய இடம் இதுவே. மீட்கப்பட்டு வருபவரைக் குற்றவாளி என்று எழுதுவதா, பாதிக்கப்பட்டவர் என்று எழுதுவதா என்பது ஒவ்வொரு வழக்கிலும் சான்றைக் கொண்டு ஆராய வேண்டியது. செய்தி எழுதுவோரும் வகுப்பில் அதனை விளக்குவோரும், அந்த ஆராய்ச்சிக்கு முன்னரே ஒரு சொல்லால் தீர்ப்பு எழுதிவிடலாகாது.

7. பிழையில்லாத தமிழ்

இனி, வளர்ந்துவரும் அச்சுறுத்தல்களுக்கு வருவோம். "எழுத்துப்பிழை மலிந்திருந்தால் அது மோசடி" என்று நாம் நெடுங்காலம் மாணவர்க்குச் சொல்லி வந்தோம். அந்த அறிவுரை இன்று காலாவதியாகி வருகிறது. செயற்கை நுண்ணறிவு செப்பமான வாக்கியங்களை எழுதித் தருகிறது. தமிழும் அதற்கு விலக்கன்று. குரலையும் முகத்தையும்கூடப் போலியாக ஆக்க முடிகிறது. 2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஹாங்காங்கில், காணொளிக் கூட்டத்தில் தம் நிறுவன மேலாளர்களைக் கண்டதாக நம்பிய ஊழியர் ஒருவர் ஏறத்தாழ 200 மில்லியன் ஹாங்காங் டாலரை அனுப்பிவிட்டார். அக்கூட்டத்தில் அவர் கண்டவை யாவும் போலி உருவங்கள்.

வடிவத்தில் பிழை காண முடியாதபோது, பேச்சு என்ன செயலைச் செய்கிறது என்று பார்க்க வேண்டும். மொழி மெய்யியலாளர் ஜே. எல். ஆஸ்டின், சில கூற்றுகள் செய்தி சொல்பவை அல்ல, செயலையே நிகழ்த்துபவை என்று காட்டினார். "உங்களைக் கைது செய்கிறேன்" என்பது அத்தகையது. ஆனால் அது நிறைவேற, சொல்பவருக்கு அதிகாரம் இருக்க வேண்டும். இடமும் முறையும் பொருந்த வேண்டும். இந்தியாவில் பரவிய 'டிஜிட்டல் கைது' என்னும் மோசடி, காணொளி அழைப்பிலேயே ஒருவரைக் கைது செய்ததாகச் சொல்லி, அறையை விட்டு வெளியேறாதபடி மிரட்டுவது. அப்படி ஒரு கைது சட்டத்தில் இல்லவே இல்லை என்று 2024ஆம் ஆண்டு அக்டோபரில் இந்தியப் பிரதமரே வானொலி உரையில் விளக்க நேர்ந்தது. இல்லாத ஒன்றுக்குப் பெயர் கொடுத்ததும், அது இருப்பதாக மக்கள் அஞ்சத் தொடங்கிவிட்டார்கள்.

நம் ஆசிரியையின் அழைப்பைப் பின்னர் அவர் நினைவிலிருந்து நாமும் அவருமாக எழுதிப் பார்த்தோம். முதலில் 'வணக்கம் அம்மா, ஒரு சிறு உதவி' என்னும் வேண்டுகோள். பிறகு அதிகாரத்தின் பெயர். பிறகு 'இன்று நான்கு மணிக்குள்' என்னும் காலக்கெடு. இறுதியில் 'மகனிடமும் சொல்லக் கூடாது' என்னும் தடை. வேண்டுகோளில் தொடங்கிய வினைகள் கடைசியில் ஏவலாக முடிந்திருந்தன. இதனை எழுதி முடித்தபோது ஆசிரியை சிறிது நேரம் தாளையே பார்த்திருந்தார். பிறகு, "இத ஒன்பதாம் வகுப்புல பாடமா வைக்கலாம் சார்" என்றார். அன்றுதான் அவர் முகத்தில் பழைய தெளிவைக் கண்டோம்.

8. வகுப்பறையில் செய்யத்தக்கவை

அவர் சொன்னதையே ஆசிரியர்களிடம் இன்று கோரிக்கையாக வைக்கிறோம்.

முதலாவது, தன்வினை பிறவினைப் பாடம். 'பாட்டி ஏமாந்தார்' என்பதை 'மோசடிக்காரன் பாட்டியை ஏமாற்றினான்' என்று மாணவர் மாற்றி எழுதட்டும். இரண்டிலும் பழி எங்கே விழுகிறது என்று பேசட்டும். இலக்கணமும் கைவரும், வீட்டில் பாட்டிக்கு இப்படி நேர்ந்தால் சிரிக்காமல் கேட்கும் மனமும் வளரும்.

இரண்டாவது, அறிக்கை எழுதும் பயிற்சி. நாள், நேரம், அழைத்த எண், சொல்லப்பட்ட சொற்கள், பணம் சென்ற கணக்கு ஆகியவற்றைக் கோவையாக எழுதப் பழக்குங்கள். குறுஞ்செய்தியை வெட்கத்தால் அழித்துவிடாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். உடன்படிக்கைகள் நாடுகளிடம் கேட்கும் தரவுக் காப்பு ஒரு குடும்பத்தின் கைப்பேசியில்தான் தொடங்குகிறது.

மூன்றாவது, சொல்லாக்கம். 'தூண்டில்', 'தீங்குநிரல்', 'ஆழ்போலி' போன்ற சொற்கள் வந்துள்ளன. அகராதியில் இருந்தால் மட்டும் போதாது. சந்தையில் மீன் வாங்கும் அம்மையாருக்கும் விளங்குகிறதா என்று சோதியுங்கள். விளங்காவிட்டால் எளிய தொடரால் சொல்லுங்கள். ஐ.நா. உடன்படிக்கையின் அதிகாரபூர்வ மொழிகள் ஆறு. தமிழ் அவற்றுள் இல்லை. ஹனோயில் எழுதப்பட்டது இங்குள்ள அடுக்குமாடி வீட்டின் முதியவரைச் சென்றடைய வேண்டுமானால், வழியில் ஒரு தமிழாசிரியரோ தமிழ் படித்த பேரப்பிள்ளையோ நிற்க வேண்டும்.

நான்காவது, எண்கள். சிங்கப்பூரில் மோசடி உதவி எண் 1799. மலேசியாவில் 997. இந்தியாவில் 1930. இவற்றை வாய்பாடுபோல் மனப்பாடம் செய்விக்கலாம்.

சிங்கப்பூர் நாடாளுமன்றம் 2025ஆம் ஆண்டு ஜனவரியில் ஒரு சட்டம் நிறைவேற்றியது. ஒருவர் மோசடியில் சிக்கியிருக்கிறார் என்று காவல்துறை நம்பி, அவரோ அதை ஏற்க மறுத்தால், அவரது வங்கிப் பரிமாற்றங்களை முதற்கட்டமாக 30 நாள் வரை கட்டுப்படுத்த அது இடமளிக்கிறது. தம் பணத்தைத் தாமே கையாள ஒருவரைத் தடுப்பது எளிதான முடிவன்று. அந்த நிலைக்கு முன்னரே, வீட்டில் ஒருவர் அருகில் அமர்ந்து, பழி சொல்லாத சொற்களில் பேசியிருந்தால், அச்சட்டத்திற்குப் பல நேரங்களில் வேலை இராது.

ஆசிரியை சொன்ன இரண்டாம் வாக்கியத்திற்கு நாம் இன்னும் விடை சொல்லவில்லை. "தமிழ்ல பேசினான்". நம் மொழியின் நெருக்கத்தை ஒருவன் ஆயுதமாக்கினான். அதற்காக இனித் தமிழில் பேசுவோரை எல்லாம் ஐயுற வேண்டும் என்று அவர் கருதவில்லை. அவர் இப்போது வாரம் ஒருமுறை தம் குடியிருப்பின் முதியோர் நடுவத்திற்குச் சென்று, தமக்கு நடந்ததைத் தமிழிலேயே சொல்லி வருகிறார். தொடங்கும்போது, "என்னை ஒருவன் ஏமாற்றினான்" என்று தொடங்குகிறார். அவர் பேசி முடித்தபின், சென்ற மாதம், அங்கிருந்த மூதாட்டி ஒருவர் மெல்ல எழுந்து, "எனக்கும் நேத்து ஒரு போன் வந்துச்சு" என்றாராம். பணம் இன்னும் அனுப்பப்படவில்லை. அங்கேயே 1799 அழைக்கப்பட்டது.